றஜிதாவின் வானும் ஜெரிசனின் பசையும்

குருநகரில் றஜிதாவோடு சண்டை பிடிக்காதவர்கள் மிகச் சிலர். அவர்களும் அவளோடு இன்னும் கதைத்துப் பழகாதவர்கள். பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற காலத்தில், தன் இடத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன பள்ளிக்கூட வாத்தியாரின் கல்லைத் தூக்கிக் கழிவுநீர்க் கானுக்குள் எறிந்தவள் அவள். வாத்தியார் திரும்பி வந்து கேட்டபோது, "கல்லுக்குப் பெற்றோல் குடுக்கிறேல்லை மாஸ்ரர்," என்றாள். வாத்தியார் கடைசியில் போய் நின்றார்.

அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. விடியற்காலையில் இறங்குதுறையில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, சின்ன இந்திய வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் பக்கம் போவாள். சந்தியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒழுங்கைகளில் வீடு வீடாக விற்பாள். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் யாரும் மீன் வாங்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குருநகரில் தொழில் இல்லை. மற்ற நாள்களில் ஒன்பது மணிக்கெல்லாம் அவளுடைய குரல் இணுவில், உடுவில் வேலிகளுக்கு மேலால் கேட்கும். விலை குறைத்துக் கேட்டால் பெட்டியை மூடிவிடுவாள். ஆனால் பழுதான மீனை ஒருநாளும் விற்றதில்லை. அதனால் அவளுடைய வாயைப் பொறுத்துக்கொண்டு வாங்கினார்கள்.

வான் அவளுடைய பெயரில் இல்லை. கணவன் ஜெயசுதன் வாங்கியது. அவன் சில வருடங்களுக்கு முன் மன்னார்ப் பக்கம் தொழிலுக்கென்று போய், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். ஒரு தடவை வானை எடுத்துப் போக வந்தான். றஜிதா வானை ஸ்ராட் பண்ணும் திறப்பைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வானின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று, "எடு பாப்பம்," என்றாள். ஊர் கூடி நின்று பார்த்தது. அவன் பஸ்ஸில் திரும்பிப் போனான். அதன் பிறகு அவள் கடற்கரை வெளியில் தனியே வானை ஓட்டிப் பழகினாள். தேவாலயத்துப் பங்கு மண்டபத்துச் சுவரின் ஒரு மூலை அந்தக் கிழமை உடைந்தது.

பிள்ளைகள் இல்லை. அதுவும் அவளுடைய குற்றம் என்பதே மாமியார் மரியநாயகியின் தீர்ப்பு. மகன் போனதும் அவளால்தான். மகனுடைய வான் மகனுக்கு இல்லாமல் போனதும் அவளால்தான். அந்த வீட்டுக்கும் றஜிதாவுக்கும் இடையில் பேச்சு நின்றுபோயிருந்தது.

அந்த வீட்டின் இளைய மகன் ஜெரிசன், ஒரு மெக்கானிக். இறங்குதுறைக்குப் போகும் வீதியில் தகரக் கொட்டில் போட்ட கராஜ் அவனுடையது. றஜிதா தினமும் இரண்டு தடவை அதைக் கடந்து போவாள். ஒரு தடவையும் திரும்பிப் பார்த்ததில்லை. வானுக்கு ஏதும் பழுது வந்தால் பட்டினத்துக்குள் கொண்டுபோவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, மீன் ஏற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது வானுக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் தண்ணீர் என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்தால் சூடாக இருந்தது. பட்டினம் வரைக்கும் போகும் என்று அவளுக்கு நம்பிக்கை இல்லை. பெட்டி நிறைய விளைமீனும் திரளியும் இருந்தன. வேறு வழியின்றி வானை ஜெரிசனின் கராஜ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஜெரிசன் கைகளைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு வந்து, இருக்கையைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தான்.

"எப்ப துவங்கினது மச்சாள்?"

"இப்பத்தான் கண்டனான்."

"கன நாளாய் ஒழுகியிருக்கு. உங்கை பாருங்கோ, கறை காஞ்சு கிடக்கு."

"நான் உன்னட்டைக் கறையைப் பற்றிக் கேக்கேல்லை. ஒழுக்கை நிப்பாட்டு."

அவன் கழற்றத் தொடங்கினான். காற்றையும் பெற்றோலையும் எஞ்சினுக்குள் கொண்டுபோகும் கிளைக்குழாயை மெக்கானிக்மார் மனிபோல் என்பார்கள். அந்த வகை எஞ்சினில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரும் அதே மனிபோலுக்குள்ளால் ஓடும். மனிபோலும் எஞ்சினும் சேருகிற இடத்தில் கஸ்கற் என்ற மெல்லிய தகடு இருக்கும். காற்றுக்குரிய துளைகளும் தண்ணீருக்குரிய துளைகளும் அந்தத் தகட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தகடு சரியாக அழுந்தி இருந்தால் எதுவும் எதோடும் கலக்காது.

மனிபோலைக் கழற்றித் துடைத்ததும் ஜெரிசன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"கஸ்கற் புதுசு போட்டாலும் நிக்காது," என்றான். "கிணத்துத் தண்ணியை ஊத்தி ஊத்தி உப்பு அரிச்சுப்போட்டுது. தண்ணித் துளைக்குப் பக்கத்திலை குழி. லேத்துப் பட்டறையிலை குடுத்து முகத்தை ஒரு தாளளவு சீவி எடுக்கவேணும். ரெண்டு நாள் வானை விடுங்கோ."

"ரெண்டு நாள் விட்டா உன்ரை அண்ணன் வந்து எடுத்துக்கொண்டு போவான். அதுக்குத்தானே?"

"அண்ணை மன்னாரிலை. நான் அவரோடை கதைச்சு ஒரு வருசத்துக்கு மேலை."

"நம்பச் சொல்லுறியோ?"

"நம்பாட்டி ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

"கிட்ட இருக்கிறாய் எண்டு வந்தனான். வேற ஒண்டுக்கும் இல்லை. உன்ரை அண்ணன் ஒருக்கால் வெறுங்கையோடை போனவன். இரண்டாம் தரம் நீ பிடிச்சுக் குடுக்கலாம் எண்டு பாக்கிறாய். இண்டைக்கே பூட்டு. மீன் இருக்கு."

கராஜில் வேறு இரண்டு பேர் தங்கள் மோட்டார் சைக்கிள்களோடு நின்றார்கள். ஜெரிசனின் முகம் கறுத்தது. தட்டிலிருந்து சிவப்புச் சிலிக்கன் பசை ரியூப்பை எடுத்தான். அந்தப் பசை கஸ்கற்றுக்குத் துணையாக, தேவையான இடத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசப்படுவது. ஆணிகளை இறுக்கும்போது மிச்சமான பசை இரண்டு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. ஜெரிசன் ரியூப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிழிந்தான். தகட்டின் இரு பக்கத்திலும், எல்லாத் துளைகளையும் சுற்றி, மாப்போலப் பூசினான். மனிபோலை வைத்து இறுக்கினான். பசை காயவும் விடாமல் தண்ணீரை ஊற்றினான்.

"சரி. கொண்டுபோங்கோ," என்றான்.

ஒழுக்கு நின்றிருந்தது. அவள் கூலியை இருக்கையில் எறிந்துவிட்டு வானை எடுத்தாள்.

வியாழக்கிழமை, கோண்டாவிலைத் தாண்டி இணுவிலுக்குப் போகிற வழியில், சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. றஜிதா முள்ளைக் கவனித்தபோது அது ஏறக்குறைய உச்சத்தில் நின்றது. வீதி ஓரமாக நிறுத்தினாள். இருக்கைக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பி முன்கண்ணாடியை மறைத்தது. காங்கேசன்துறை வீதியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐஸ் கரைய முன்னர் போகிற வருகிறவர்களை மறித்துக் கிடைத்த விலைக்கு விற்றாள். மிஞ்சிய சூடை மீனை ஒரு வீட்டுக்காரர் தென்னைக்கு உரமாகப் புதைக்க வாங்கிப் போனார். அவளுடைய மீனை மண்ணில் புதைப்பதற்கு ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அதை மறக்கவில்லை.

வானைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது இணுவிலில் இருந்த சுபாஸ்கரனின் கராஜுக்கு. முப்பது வயசளவில் ஒருவன். றஜிதா அவனிடம் இதற்கு முன் போனதில்லை. அவன் தண்ணீர் ஓடும் பாதையிலிருந்த வால்வை முதலில் கழற்றினான். எஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை விட வேண்டிய வால்வு அது. அதன் வாய்க்குள் சிவப்புப் புழுக்கள் போலப் பசைத் துண்டுகள் சிக்கியிருந்தன. ஸ்குறூ டிறைவரால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துத் தகரத்தில் போட்டான். றேடியேற்றரின் மேல் வாயிலும் அப்படியே.

"உதுதான் அக்கா. பசை உள்ளுக்குள்ளை பிதுங்கி, பிஞ்சு வந்து, தண்ணிப் பாதையை அடைச்சிருக்கு. நீங்கள் நிப்பாட்டினபடியாத்தான் எஞ்சின் தப்பினது. ஆர் பூட்டினது?"

"என்ரை மச்சான்."

"அவருக்குத் தொழில் தெரியாதோ?"

"தெரியும். என்னைத்தான் பிடிக்காது."

சுபாஸ்கரன் சிரிக்கவில்லை. மனிபோலைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டித் துடைத்தான். பிறகு அவளைக் கூப்பிட்டு விரலால் காட்டினான்.

"இஞ்சை குழி விழுந்திருக்கு. லேத்துக்குக் குடுத்துச் சீவினா நல்லம். இல்லாட்டி இந்தத் தண்ணித் துளையைச் சுத்தி மட்டும் மெல்லிசாய் ஒரு பூச்சு வேணும்."

றஜிதா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவனை உனக்குத் தெரியுமோ?"

"ஆரை?"

"ஜெரிசனை. அவனும் உதைத்தான் சொன்னவன். குழி, லேத்து, ரெண்டு நாள்."

"அப்ப அவர் சரியாத்தான் சொல்லியிருக்கிறார்."

"ரெண்டு பேர் ஒரே பொய்யைச் சொன்னா அது உண்மையாகிடுமோ? நீங்கள் எல்லாரும் ஒரு கூட்டம். பொம்பிளை வந்தா லேத்து எண்டுவியள், பூச்சு எண்டுவியள். உந்தப் பசை ஒரு பொட்டும் என்ரை வானிலை படக்கூடாது. வெறுங் கஸ்கற்றைப் போட்டுப் பூட்டு."

சுபாஸ்கரன் ஆணி கழற்றும் சாவியைக் கீழே வைத்தான். "அக்கா, பசையிலை பிழை இல்லை. அள்ளிப் பூசினதிலைதான் பிழை."

"நான் சொன்னது விளங்கேல்லையோ?"

"விளங்குது. நீங்கள் சொன்னபடி பூட்டுறன். ஒழுகினா என்னிலை பிழை சொல்லக்கூடாது."

"ஒழுகட்டும் பாப்பம்."

அவன் வெறும் கஸ்கற்றை வைத்துப் பூட்டிக் கொடுத்தான். அவள் போகும்போது தகரத்தில் கிடந்த சிவப்புத் துண்டுகளை ஒன்றும் விடாமல் பொறுக்கி, வெறும் யோகட் கோப்பை ஒன்றில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் தொடங்கி அந்தக் கோப்பை வானின் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. இறங்குதுறையில் வாகனம் வைத்திருக்கிற எவரைக் கண்டாலும் அதை எடுத்து நீட்டுவாள். "உதைப் பாருங்கோ. ஜெரிசன்ரை வேலை. இணுவில் சுபாஸ்கரன் என்ரை எஞ்சினுக்குள்ளை இருந்து எடுத்தது." கேட்டவர்கள் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். றப்பர் போலிருந்தது. ஓட்டோக்காரர் ஒருவர் அடுத்த கிழமை தன் ஓட்டோவை வேறிடம் கொண்டுபோனார். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் போயின. பிறகு மீன் கொண்டுபோகும் லொறிக்காரர் ஒருவரும் போனார். ஜெரிசனின் தகரக் கொட்டிலுக்கு முன்னால் வெறும் நிலம் கூடிக்கொண்டு வந்தது. றஜிதா காலையில் கடந்து போகும்போது இப்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள்.

ஒருநாள் அவன் வீதியில் இறங்கி வானை மறித்தான்.

"மச்சாள், அந்தக் கோப்பையை எறியுங்கோ."

"ஏன், நீ செய்ததுதானே? உன்ரை பொருளை நான் ஊருக்குக் காட்டுறன்."

"குழி இருக்கெண்டு சொன்னனான். லேத்துக்குக் குடுக்கச் சொன்னனான். அதையும் சேர்த்துச் சொல்லுறியளோ?"

"விலத்து."

அவன் விலத்தினான். அவள் கோப்பையை எடுத்துக் குலுக்கிக் காட்டிவிட்டுப் போனாள்.

இதற்குள் வானில் தண்ணீர் குறையத் தொடங்கியிருந்தது. கீழே ஒரு துளியும் சொட்டவில்லை. ஆனால் காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். ஸ்ராட் பண்ணும்போது பின்னால் வெள்ளைப் புகை வரும். சற்று நேரம் எஞ்சின் நொண்டும். பிறகு சரியாகிவிடும். வெறும் கஸ்கற்றைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகிறது என்பது அவளுக்கு விளங்காமல் இல்லை. சுபாஸ்கரனிடம் போனால் அவன் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பான். அந்தப் பார்வையை வாங்க அவள் தயாராக இல்லை. ஜெரிசனின் காதுக்கு எட்டினால் அதைவிட மோசம். ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரம் ஊற்றி மூடிவிடுவாள். கிழமைகள் போகப் போகப் போத்தல் பெரிதாகியது.

சனிக்கிழமை ஒன்றில் கடல் நன்றாகக் கொடுத்திருந்தது. பாரையும் கணவாயும் மலிந்து கிடந்தன. றஜிதா வழமையைவிட இரண்டு பெட்டி கூட எடுத்தாள். பொழுது நன்றாக வெளித்திருந்தது. ஏலம் கூறுகிறவர்களும் வலை தட்டுகிறவர்களும் பொம்பிளைகளுமாக இறங்குதுறை நிறைந்திருந்தது. திறப்பைத் திருப்பினாள். எஞ்சின் "டக்" என்று ஒரு சத்தம் போட்டு அப்படியே நின்றது. மறுபடி திருப்பினாள். மறுபடியும் "டக்."

"பற்றறி இறங்கிப்போச்சு போலை," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"தள்ளிவிடுங்கோ, எடுபடும்," என்றாள் றஜிதா.

நாலைந்து பேர் பின்னால் போய்க் கை வைத்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஜெரிசன் கராஜிலிருந்து வந்துவிட்டான். ஓடித்தான் வந்தான். வான் கதவைப் பிடித்தான்.

"தள்ளவேண்டாம். மச்சாள், தள்ளவிடாதையுங்கோ. அது பற்றறி இல்லை. சிலிண்டருக்குள்ளை தண்ணி நிண்டிருக்கு."

"கையை எடு."

"சொல்லுறதைக் கேளுங்கோ. தண்ணியை எஞ்சின் நசுக்கேலாது. தள்ளி எடுத்தா உள்ளை தண்டு வளைஞ்சுபோம். பிளக்கைக் கழட்டி அந்தத் தண்ணியை வெளியாலை விடுவம். பத்து நிமிச வேலை."

"உனக்கு வேலை இல்லை எண்டு என்ரை வானுக்குள்ளை கை வைக்கப் பாக்கிறாய்."

"நான் கை வைக்கேல்லை. சுபாஸ்கரனைக் கூப்பிடுங்கோ. ஆரையெண்டாலும் கூப்பிடுங்கோ. தள்ளமட்டும் வேண்டாம்."

தள்ள நின்றவர்கள் கைகளைத் தளர்த்தினார்கள். ஒரு கணம் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவன் சொல்வது சரியாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள். அது எங்கே போகிறது என்று ஊகிக்கத் தெரியாதவள் அல்ல. ஆனால் நூறு பேர் முன்னால், அந்த வீட்டு மகன் ஒருவன் சொல்லி, அவள் வானை விட்டு இறங்குவதா?

"தள்ளுங்கோ," என்றாள்.

வான் உருண்டது. அவள் இரண்டாம் கியரில் கிளச்சை விட்டாள். உள்ளே இரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். வான் ஒரு தரம் எகிறி, பின்சக்கரங்களால் நிலத்தை இழுத்துக்கொண்டு நின்றது. பின்னால் தள்ளியவர்களில் ஒருவரின் முகம் வானின் பின்கதவில் மோதியது.

ஜெரிசன் ஏதாவது சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அதற்கான பதில்கூட வாயில் தயாராக இருந்தது. அவன் வானையும் பார்க்காமல், அவளையும் பார்க்காமல் கராஜுக்குத் திரும்பிப் போனான்.

மீனை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் விற்றாள். அன்றைக்கு விலை குறைத்துக் கேட்டவர்களுக்குக் கேட்ட விலைக்கே கொடுத்தாள். உடுவிலில் ஒரு பொம்பிளை, "என்ன றஜிதா, சுகமில்லையோ?" என்று கேட்க, மீனை நிறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த படலைக்குப் போனாள்.

வான் இறங்குதுறை வீதியின் ஓரத்தில் நின்றது. சுபாஸ்கரனுக்குப் போன் எடுத்தாள். அவன் கேட்டுவிட்டு, "நான் அண்டைக்கே சொன்னனான் அக்கா. இனி நான் அந்த எஞ்சினைத் தொடமாட்டன். குறை நினைக்காதையுங்கோ," என்றான். பட்டினத்து கராஜ் ஒன்று வந்து பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு கொண்டுவரச் சொன்னது. காகங்கள் வானின் மேல் இருந்து மீன் செதில் தின்றன.

இரண்டாம் கிழமை மரியநாயகி அவளுடைய வீட்டு வாசலுக்கு வந்தாள். மகன் பிரிந்துபோன பிறகு அவள் அந்த வாசலை மிதித்தது அதுவே முதல் தரம். உள்ளே வரவில்லை. படலையில் நின்றாள்.

"உனக்கு இப்ப சந்தோசமோ?"

"என்ன வேணும் மாமி?"

"ஒண்டும் வேண்டாம். மூத்தவனைத் துரத்தினாய். இப்ப இளையவன்ரை அடுப்பிலை தண்ணி ஊத்தியிருக்கிறாய். அவன்ரை பெண்சாதி ஏழு மாதம். கராஜிலை ஈ ஓட்டுறான்."

"உங்கடை மகன் என்ரை எஞ்சினை நாசமாக்கினவன்."

"நாசமாக்கினது ஆர்? தள்ளவேண்டாம் எண்டு கத்தினவன் அவன். நான் அதிலை நிண்டனான். ஊரே நிண்டது. நீ ஒரு கோப்பையைக் கொண்டுதிரிஞ்சு ஊருக்குக் காட்டினாய். அந்தச் சத்தத்தை ஆருக்குக் காட்டப்போறாய்?"

"போங்கோ மாமி."

"போறன். உன்ரை வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிக்க வரேல்லை."

மரியநாயகி போய்விட்டாள். றஜிதா படலையைச் சாத்தி, உள்ளே வந்து, வெட்டிக்கொண்டிருந்த மீனை விட்ட இடத்திலிருந்து வெட்டினாள். கிழவி மேல் இருந்த கோபம் இறங்கவில்லை. அதற்குக் கீழே வேறொன்று கிடந்து உறுத்தியது. அன்றைக்குக் கிளச்சை விட்ட கால் அவளுடையது. ஜெரிசன் பூசியது ஒரு பிழை. அவன் ஓடிவந்து கதவைப் பிடித்தது பிழையில்லை. இரண்டையும் ஒன்றாக்கிக் கோபப்பட அவளால் முடியவில்லை. முயன்று பார்த்தாள்.

மறுநாள் ஏலம் முடிந்து ஆட்கள் கலையும் நேரம் பார்த்து இறங்குதுறைக்கு நடுவில் போய் நின்றாள். ஜெரிசன் யாரோ ஒருவருடைய வள்ளத்து எஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் கேளுங்கோ," என்றாள். அந்தக் குரலுக்கு யாரும் திரும்பாமல் இருக்க முடியாது. "அண்டைக்குத் தள்ளவேண்டாம் எண்டு உவன் சொன்னவன். நான்தான் தள்ளுவிச்சனான். எஞ்சின் உடைஞ்சது என்ரை பிழை. அதுக்கு முதலே தண்ணி குறைஞ்சுகொண்டு போனது எனக்குத் தெரியும். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. லேத்துக்குக் குடுக்கச் சொல்லி உவன் முதல் நாளே சொன்னவன். அதுக்கும் நான் விடேல்லை."

ஜெரிசன் நிமிர்ந்தான்.

"ஆனா அந்தக் கோப்பையிலை இருந்தது உவன் பூசினது," என்றாள். "அதை நான் திருப்பி எடுக்கமாட்டன். அந்தப் பாதியை உவன் சொல்லட்டும்."

எல்லாருடைய கண்களும் அவன் பக்கம் போயின. அவன் கையிலிருந்த துணியைச் சுருட்டி வள்ளத்துக்குள் போட்டான்.

"ஓம்," என்றான். "கொஞ்சமாய்ப் பூசவேண்டிய இடத்திலை அள்ளிப் பூசினனான்."

"தெரியாமலோ?"

"தெரிஞ்சுதான். தண்ணிக்குள்ளை போகும் எண்டு தெரியும். என்னைக் கள்ளன் எண்டு ரெண்டு பேருக்கு முன்னாலை சொன்னியள். கோவத்திலை பூசினனான். எஞ்சின் சூடேறும் எண்டு யோசிச்சனான். வீதியிலை விட்டுட்டு நிப்பியள் எண்டும் யோசிச்சனான்."

அவள் இவ்வளவு காலமும் அவன் வாயிலிருந்து எடுக்க நினைத்த வார்த்தைகள் அவைதான். கேட்டுவிட்டாள். மேற்கொண்டு அவனைத் திட்ட வாய் வரவில்லை.

"வானைக் கட்டி இழுத்துக்கொண்டு போ," என்றாள். "நீதான் செய்யிறாய். நான் பக்கத்திலை நிப்பன்."

"நில்லுங்கோ. உங்களை விலத்த என்னாலை ஏலாது."

அவள் நின்றாள். எஞ்சினைப் பிரித்து, வளைந்த தண்டை எடுத்து, பாவித்த தண்டு ஒன்றைத் தேடிப் போடும் வரைக்கும், மீன் விற்று முடித்த ஒவ்வொரு மத்தியானமும் வந்து ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்தாள். இருவரும் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசியதும் முட்களாகவே இருந்தது. மனிபோலையும் எஞ்சின் தலையையும் லேத்தில் சீவுவதற்கு இருவரும் சேர்ந்தே கொண்டுபோனார்கள். அவன் தனியாகக் கொண்டுபோவதை அவள் விடவில்லை.

சீவி வந்த மனிபோலின் முகத்தில் அவன் நேர் பார்க்கிற ஓர் இரும்பு அடிமட்டத்தை நிமிர்த்தி வைத்தான். பின்னால் லைற்றைப் பிடித்தான்.

"அடியாலை வெளிச்சம் தெரியுதோ எண்டு பாருங்கோ."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். "இல்லை."

"பிறகு தெரிஞ்சதெண்டு சொல்லக்கூடாது."

"தெரிஞ்சா இப்பவே சொல்லுவன்."

இரண்டு முகங்களையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்தான். பசை ரியூப்பை எடுத்தபோது அவள் பெட்டியிலிருந்து எழுந்து கிட்ட வந்தாள். அவன் விரல் நுனியில் ஒரு பயறளவு எடுத்து, தண்ணீர்த் துளைகளைச் சுற்றி மட்டும் தேய்த்தான். கஸ்கற்றின் நிறம் பசைக்குக் கீழால் தெரிந்தது. காற்றுத் துளைகளின் பக்கம் விரல் போகவே இல்லை.

"இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான்."

"சீவினபிறகு இதுவும் தேவையோ?"

"எங்கடை தண்ணி உப்புத் தண்ணி. இது காவல். வேண்டாமெண்டா துடைச்சுவிடுறன்."

அவள் யோசித்தாள். "விடு. கிடக்கட்டும்."

மனிபோலை வைத்து, ஆணிகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். வெளியே பிதுங்கிய பசை நூல்போல மெலிந்திருந்தது. பிறகு கையைத் துடைத்தான்.

"இது காயவேணும். நாளைக்குத்தான் தண்ணி ஊத்துவன். வான் இண்டைக்கு இஞ்சை நிக்கவேணும்."

அவள் வானைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் பெருமூச்சு விட்டு, ஆணி கழற்றும் சாவியை எடுத்து, பற்றறியைக் கழற்றி அவளுடைய காலடியில் வைத்தான்.

"உதையும் திறப்பையும் கொண்டுபோங்கோ. பிறகு ஆர் வந்தாலும் எடுக்கேலாது."

அவள் பற்றறியை மீன் கூடையில் வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் கண்டவர்கள் சிரித்தார்கள். மறுநாள் அதைத் திரும்பக் கொண்டுவந்தாள். தண்ணீர் ஊற்றி ஸ்ராட் பண்ணியபோது எஞ்சின் ஒரே சீராக ஓடியது. இருவரும் அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்கள்.

"ஏதும் குறை?" என்றான்.

"இருந்தா சொல்லுவன்."

"சொல்லாமலோ விடுவியள்."

வான் இப்போதும் மருதனார்மடம் போய் வருகிறது. மூடியைத் திறந்தால் தண்ணீர் ஊற்றிய மட்டத்திலேயே நிற்கிறது. ஜெரிசனின் கராஜுக்கு ஓட்டோக்கள் சில திரும்பி வந்தன. லொறிக்காரர் வரவில்லை. றஜிதா எண்ணெய் மாற்றுவதற்கு இன்னும் பட்டினத்துக்குத்தான் போகிறாள். வீதியில் ஒருவரை ஒருவர் கண்டால் இருவரும் தலையாட்டுவதில்லை.

ஜெரிசனுக்கு மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்குச் சொல்லி ஆள் வந்தது. கோயிலுக்கும் றஜிதா போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. அன்று காலை எடுத்த விளைமீன்களில் பெரியது ஒன்றை ஐஸ் போட்டு, வீதியால் போன ஒரு சின்னப் பெடிச்சியிடம் கொடுத்து, மரியநாயகியின் வீட்டில் கொடுக்கச் சொன்னாள். யார் தந்தது என்று கேட்டால் சொல்லவேண்டாம் என்றாள். கிழவி கேட்டிருப்பாள். பெடிச்சியும் சொல்லியிருப்பாள். மீன் திரும்பி வரவில்லை.